முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்

பிப்ரவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

நானும் அம்மாவும் நலம். பத்திரிகையில் வந்த உன் சாலைத் திறப்புப் படத்தை அம்மா கத்தரித்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். மின்கட்டணம் குறிக்க வந்தவரைக்கூட விடவில்லை. "இது எங்க சின்னவ போட்ட ரோடு" என்றாள். "பெரியவங்க என்ன பண்றாங்க?" என்று அவர் கேட்டார். "அவளும் ரோடுதான். சாக்கடை பக்கம்" என்றாள். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

வடிகாலைப் பார்த்துக்கொண்டால் ஒரு சாலை இருபது வருடம் உழைக்கும், விட்டுவிட்டால் ஐந்து வருடம்கூடத் தாங்காது. பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். சுத்தமாக ஓடும் வடிகாலை யார் படம் எடுக்கிறார்கள்? பொறாமை என்று நினைத்தால் நினைத்துக்கொள். எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

மழைக்கு முன் எந்தெந்த வடிகாலைத் தூர்வாருவது என்று திட்டம் எழுதுகிறேன். நீ போட்ட பகுதியையும் நேற்று நடந்து பார்த்தேன். தார் பளபளக்கிறது.

உன் அக்கா

பிப்ரவரி 20

என் அக்காவுக்கு,

அந்தப் படத்தில் ரிப்பன் வெட்டியவரின் தோளுக்குப் பின்னால் என் காது மட்டும்தான் தெரிகிறது. அதற்கா இவ்வளவு?

நடந்து பார்த்தாயே, ஒன்று கேட்கிறேன். முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் எங்கள் ஆட்கள் ஓரத்துக்கு மண் கொட்டும்போது தண்ணீர் வெளியேறும் வாயை மூடிவிட்டார்களோ என்று ஒரு சந்தேகம். சாலையை உங்கள் பராமரிப்புத் துறையிடம் ஒப்படைத்தாகிவிட்டது, இனி நான் கைவைக்க முடியாது. உன் பட்டியலில் எது மோசமோ அதுதான் முதலில் வரும் என்று தெரியும். இருந்தாலும் உன் வாயால் கேட்டால்தான் நிம்மதி.

உன் வாலு

பிப்ரவரி 28

வாலுவுக்கு,

எல்லாம் சரியாக இருக்கிறது. புது ரோட்டுக்கு என்ன அவசரம்? உன் பகுதி பட்டியலில் கடைசி, ஜூன் முதல் வாரம்.

அக்கா

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

மழை முந்திக்கொண்டதே. முப்பத்தெட்டில் தண்ணீர் மூன்று நாள் தேங்கி, அடிமண் ஊறி, சாலை நாற்பது மீட்டர் நீளத்துக்கு உள்ளே போய்விட்டது. ஒரு லாரி கவிழ்ந்தது. ஓட்டுநருக்குக் கை முறிவு. என்னைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அக்கா பார்த்தபோது வாய் திறந்துதான் இருந்தது, அதன் பிறகுதான் நாங்கள் கொட்டிய மண் சரிந்து மூடியிருக்க வேண்டும், தவறு என்னுடையது என்று விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ பயப்படாதே. உன்மேல் ஒரு சொல் வராது.

உன் வாலு

மே 28

என் தங்கைக்கு,

அன்று நான் பார்த்தபோதே வாய் மூடித்தான் இருந்தது. முழங்கால் உயரத்துக்கு மண். குறிப்பேட்டில் 'முதலில்' என்று எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா உன் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து அதை அடித்துவிட்டுக் 'கடைசி' என்று எழுதினேன்.

சாலை உடைய வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு மழைக்குத் தண்ணீர் நிற்கட்டும், எல்லோரும் முகம் சுளிக்கட்டும், நான் போய்த் திறந்துவிடுகிறேன் என்று நினைத்தேன். பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள், நின்ற தண்ணீர் என்ன செய்யும் என்று தெரியாதவள் இல்லை.

குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை இன்று காலை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். "தெரியாம நடந்ததும்மா, அப்படித்தானே?" என்றார். "தெரிஞ்சேதான் சார்" என்றேன். நகல் இத்துடன் இருக்கிறது. மதியம் நாலு ஆட்களோடு போய் மண்ணை வெட்டி எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. அவ்வளவு நேர வேலைதான் அது.

திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அக்கா

ஜூன் 9

பராமரிப்புப் பொறியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் நகலும் கிடைத்தன. என்னை மறுபடியும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். லாரி ஓட்டுநரைப் போய்ப் பார்த்தேன். கட்டு பிரிக்க இன்னும் ஒரு மாதம் ஆகுமாம்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். கூடத்தில் இருக்கும் படத்தை மட்டும் கழற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
சாலைப் பொறியாளர்