நீ உடைத்த வளையல்கள்

போன கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு தாதி என் இடது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வளையல் இருக்கும்வரை நரம்பு இறுகின மணிக்கட்டில் கத்தி வைக்க முடியாது என்றாள். கழற்றிக்கொண்டு வா, முடியாவிட்டால் உடைத்துவிட்டு வா என்று சிரித்தாள். அவளுக்கு அது வெறும் கண்ணாடி. நான் மேலங்கியின் கையை இழுத்து அதை மறைத்துக்கொண்டு பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலுக்கு வந்து, கடையில் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தேன். துணியைத் தள்ளும்போதெல்லாம் வளையல் மேசை விளிம்பில் பட்டுச் சத்தம் போட்டது. இத்தனை வருடமாக அந்தச் சத்தம் காதில் ஏறவே இல்லை. அன்றைக்கு மட்டும் ஒரு ரவிக்கையைக்கூட முடிக்க விடவில்லை.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "இஞ்சை கொண்டா கையை, நான் உடைச்சுக் காட்டுறன்" என்று சொல்லிவிட்டுக் கடை முழுக்கக் கேட்கச் சிரித்திருப்பாய். அப்படிச் சிரிக்கிறவளைத்தான் பாரிஸ் புறநகரில் பாதிப் பேர் சிரிக்கவே தெரியாதவள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புறநகர்களில் ஒன்றான கார்ஜில் உங்கள் வீடு எங்களுக்கு நேர் மேல்மாடி. சமாதான காலத்தில் காணியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போன உன் அப்பா, பாதை பூட்டுப்பட்டு வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டார். 2009இல், போரின் கடைசி மாதங்களில், அவருடைய தொலைபேசி நின்றது. செத்துவிட்டார் என்று சொல்ல ஒருவர் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஒருவர் இல்லை. உன் அம்மா, எனக்கு அன்ரி, தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் விடவில்லை. அவர் காலையில் குளித்துவிட்டு வந்து குங்குமம் வைக்கிற விதத்தைப் பார்த்தால் யாரோடோ சண்டைக்குப் புறப்படுகிற மாதிரி இருக்கும். அந்தப் பொட்டைப் பற்றி ஒரு சொல் சொல்ல எங்கள் கட்டடத்தில் எவருக்கும் துணிவு வரவில்லை.

அடுத்த வருடம் நீ கட்ச் பழகப் போனாய். பிரெஞ்சுக்காரர் மேடை மல்யுத்தத்துக்கு வைத்திருக்கிற பெயர் அது. எறிவதும் விழுவதும் உண்மை, வெல்வது யார் என்பது மட்டும் முன்கூட்டியே பேசி வைத்தது. உனக்கு யாரையாவது தூக்கி அடிக்க வேண்டும் போலிருந்தது, அதனால் போனாய். அங்கே பழக்கியவர் ஒரு பழைய மல்யுத்த வீரர், ஞாயிற்றுக்கிழமைக் காட்சிகளை நடத்தியவரும் அவர்தான். எல்லோரும் அவரைப் பத்ரோன் என்றார்கள், முதலாளி. உன் கறுப்பு உடுப்பையும் இறுகின முகத்தையும் பார்த்துவிட்டு, நீதான் 'லா வேவ்', விதவை என்று முடிவு கட்டினார். கறுப்பு லேஸ் முக்காடு, தரையில் இழுபடுகிற கறுப்பு அங்கி, மாவடித்த முகம், ஊதா உதடு. தேவாலயத்துச் சாவீட்டு இசை ஒலிக்க, முன்னால் ஒரு சவப்பெட்டி போகிற மாதிரி நீ மெல்ல நடந்து வர வேண்டும்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உங்கள் நாட்டில் விதவைகள் என்ன செய்வார்கள் என்று அவர் கேட்டார். வளையலை உடைப்பார்கள் என்று நீ சொல்லிவிட்டு வந்தாய். எங்கள் ஆட்கள் அப்படிச் செய்து நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எங்களில் தாலியைத்தான் கழற்றுவார்கள். வளையல் உடைப்பதெல்லாம் உங்கள் வீட்டு சோபாவில் மிக்ஸர் கொறித்துக்கொண்டு தமிழ்ப் படங்களில் பார்த்தது. ஆனால் பத்ரோன் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து உனக்கு வளையல் இல்லாமல் சண்டை இல்லை.

சிவப்புக் கண்ணாடி வளையல்களை நான்தான் கடைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவேன். உன் கை பெருத்துக்கொண்டே போனது, வளையலின் அளவு மட்டும் மாறவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, அதன் மேலால் வளையலை வழுக்கி ஏற்றுவேன். கல்யாணப் பெண்களுக்குக் கடையில் செய்கிற வேலைதான். உன் சிநேகிதி மாதாமாதம் கல்யாணம் கட்டுகிறாளோ என்று கடைக்கார அண்ணை பகிடி பண்ணுவார். ஓம் அண்ணை, மாப்பிள்ளைமார்தான் நிலைக்கிறார்கள் இல்லை என்பாய் நீ. ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு புறநகர் மண்டபத்தில் சனம் எழும்பி நின்று "காஸ்! காஸ்!" என்று கத்தும். உடை, உடை என்று. நீ முக்காட்டை விலக்காமல் கையை மேடை மூலையின் இரும்புத் தூணில் ஓங்கி அடிப்பாய்.

மண்டபத்துக்கு வெளியேயும் அந்தக் கோலம் உன்னை விடவில்லை. பார்க்கிறவர்களுக்கு முன்னால் விதவை சிரிக்கக் கூடாது என்பது பத்ரோனின் சட்டம். பக்கத்து மெட்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட்டிலும் லா சப்பலிலும் உன்னைத் தெரிந்த பெடியள் திரிந்தார்கள். அதனால் தேநீர்க் கடையில் றோல்ஸைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, தோள் குலுங்கச் சிரிப்பாய். சுவருக்குத்தான் உன் பல்லைத் தெரியும் என்று நான் சொல்வேன். எங்கள் பெண்களோ அதைவிட ஒரு படி மேல். ஒரு கல்யாண வீட்டில் நீ பன்னீர்ச் செம்பைத் தூக்கப் போனபோது ஒருத்தி சிரித்த முகத்தோடு அதை உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கல்யாணமே ஆகாத உனக்கு விதவை மரியாதை கிடைத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் செம்பைப் பறித்து அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். நீ என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாய்.

அன்ரி உன் விதவைக் கோலப் படத்தை கார்ஜ் சந்தைச் சுவரில் ஒட்டியிருந்த கட்ச் விளம்பரத்தில் கண்டார். அன்றைக்கு நான் உங்கள் வீட்டில் இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கலியாணமே கட்டாத நீ ஆருக்கு விதவை? சொல்லு பாப்பம், இந்த வீட்டிலை நீ ஆருக்கு விதவை?"

அந்தக் கேள்விக்குள் யார் இருக்கிறார் என்று மூன்று பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உனக்குச் சோறு போட்டார், எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்பதில்லை. நீ முக்காட்டைப் பைக்குள் அடியில் வைத்து, அதற்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டு போவாய்.

அந்தக் கோலத்தைவிட்டு வெளியே வரத்தான் நீ விரும்பினாய். ஒரு முறை வளையல் போடாமல் மேடைக்குப் போனாய். சனம் ஊளையிட்டது, அடுத்த மாதம் உனக்குச் சண்டை இல்லை. பிறகு நீ பத்ரோனோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அவரைச் சம்மதிக்க வைத்தாய். திரான்சி மண்டபத்தில் எதிராளி உன் முக்காட்டைப் பிடுங்க வேண்டும், நீ தோற்க வேண்டும், அடுத்த சண்டையிலிருந்து உன் சொந்த முகத்தோடும் சொந்தப் பெயரோடும் வரலாம். முக்காடு போனால் அம்மாவைக் கூட்டி வந்து முன்வரிசையில் இருத்துவேன் என்றாய். உனக்கு நீல நிறத்தில் புது உடுப்புத் தைத்தேன். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, என் கடைக் கண்ணாடிக்கு முன்னால் முதல் தடவையாகத் திரும்பாமல் சிரித்தாய்.

அந்த ஞாயிறு காலையில்தான் ஊரிலிருந்து உன் அப்பாவின் தமக்கை தொலைபேசி எடுத்தார். எத்தனை காலத்துக்கு இப்படி இருக்கிறது, அவனுக்குச் செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிச் சடங்கைச் செய்துவிடுங்கள், ஆத்துமா அலையக் கூடாது என்றாராம். அன்ரி தொலைபேசியைச் சுவரில் எறிந்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் போய், இருந்த பொட்டுக்கு மேலேயே இன்னொரு தரம் குங்குமம் வைத்தாராம். இதையெல்லாம் நீ எனக்குப் பிறகுதான் சொன்னாய்.

மேடையில் எதிராளி முக்காட்டைப் பிடித்தாள். நீ விட வேண்டும். விடவில்லை. அவள் இழுக்கிறாள், உன் காதுக்குள் ஏதோ சொல்கிறாள், நீ இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கிறாய். கடைசியில் அவளைத் தூக்கி எறிந்து, பேசி வைத்ததற்கு மாறாக நீயே வென்றாய். பத்ரோன் கதிரையை உதைத்தார். பிறகு சனத்தின் ஆரவாரத்தைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நீ விதவையாகவே இரு என்று கையை உதறிவிட்டார். நீ தூணடிக்குப் போய் வளையல்களை உடைத்தாய். நீல உடுப்பு என் மடியில் இருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் நீல உடுப்பை மடித்துப் பைக்குள் திணித்தேன். கார்ஜ் வருவதற்கு முன்னால், உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். நீ மணிக்கட்டில் கண்ணாடி கீறின இடத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்.

"ஒரு வீட்டிலை ஒருத்தி உடைச்சால் காணுமடி. நான் உடைச்சுக்கொண்டு இருக்கிற வரைக்கும் அம்மா உடைக்கத் தேவையில்லை."

சொல்லிவிட்டு உனக்கே அது விசர்க்கதை என்று தெரிந்து யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். விதவைக் கோலத்தின் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே இருந்து பூட்டிக்கொண்டவள் நீதான். உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது, அதே அளவுக்கு உன்னைக் கட்டிப் பிடிக்கவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் உன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகும் பல வருடம் நீ விதவையாகவே வந்தாய். ஒரு காலை கார்ஜ் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது விழுந்தாய். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்தது என்றார்கள். கட்ச்சினால்தான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உன்னைச் சவப்பெட்டியில் வைக்க முன் அன்ரி என்னிடம் சிவப்பு வளையல் கொண்டு வரச் சொன்னார். பிளாஸ்டிக் பையைப் போட்டு ஏற்றினேன், உன் கை ஒத்துழைக்கவில்லை. ஒன்று மட்டும் ஏறாமல் மிஞ்சிப்போயிற்று. "இதை நீ போடு பிள்ளை. இதுகளை இனி ஒருத்தரும் உடைக்கப்படாது" என்று அன்ரியே அதை என் கையில் ஏற்றிவிட்டார். அந்த நாளிலும் அவர் நெற்றியில் பொட்டு இருந்தது.

நேற்றுப் பின்னேரம் அவரிடம் போய் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். பை போட்டுப் பார்த்தார், சவர்க்காரம் போட்டுப் பார்த்தார், தேங்காய் எண்ணெயும் பூசினார். பெருவிரல் எலும்பைத் தாண்டி வளையல் வரவில்லை. கடைசியில் என் கையைத் துவாயில் வைத்துவிட்டு, இஞ்சி இடிக்கிற சின்ன உலக்கையை எடுத்து வந்தார்.

"நான் அண்டைக்குச் சொன்னது கிடக்கட்டும். கைதான் முக்கியம். பேசாமல் இரு, நான் உடைச்சு விடுறன்."

உலக்கை உயர்ந்தபோது எனக்கு முன்னால் அந்தப் பொட்டுத்தான் தெரிந்தது. ரயிலில் நீ சொன்னது காதில் கேட்டது. கையை வெடுக்கென்று இழுத்து, சமையலறைத் தொட்டியின் இரும்பு விளிம்பில் ஓங்கி அடித்தேன். ஒரே அடி. நீ தூணில் அடிக்கிற மாதிரியே.

அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன அவசரம் உனக்கு என்று ஏசிக்கொண்டே இரத்தத்தைத் துவாயால் அமுக்கினார். உங்கள் கையில் வெட்டிவிடும் என்று பயந்தேன் என்றேன். அது பொய்யில்லை. துவாயை என் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு நாளும் உன் சண்டையைப் பார்க்காத மனுசி கேட்டார்.

"அவளும் இப்பிடித்தான் அடிக்கிறவளோ?"

ஓம் என்றேன். நீ ஏன் அடித்தாய் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உன் அப்பா இல்லை, அன்ரி உடைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார், விடவில்லை, நானே பொறுக்கினேன்.

வருகிற கிழமை கையை வெட்டித் தைப்பார்கள். காயம் ஆறினதும் கடைப் பெட்டியிலிருந்து சிவப்பில் இன்னொன்று எடுத்து, பை போட்டு ஏற்றிக்கொள்வேன், அதே சின்ன அளவில். அன்ரி இன்னும் பொட்டு வைக்கிறார். அவருக்குப் பதிலாக உடைப்பதற்கு யாராவது ஒருத்தியின் கையில் ஒரு வளையல் இருக்க வேண்டும்.