விசிறிக் காதன் நம் அணியில்

பிப்ரவரி 12

கையெழுத்துப் போட்டுவிட்டானாம். இத்தனை வருஷம் பால்மார் ஊருக்காக ஆடி நம்மை அழவைத்த யாத்ரியேல் கோத்தோ, இனி நம் ஊர்க் கூடைப்பந்து அணியான கொக்குகளுக்கு ஆடப்போகிறான்! சலூனில் ஹேர் டிரையரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். தலை சுடுகிறதென்று நாற்காலியில் இருந்த பெண் கத்திய பிறகுதான் சுயநினைவு வந்தது.

தம்பி அனீபலுக்கு ஒரே சிரிப்பு. "போன வருஷம் கடைசி இடத்துல வந்த டீமு, இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்னு சொல்லி பறையைக் கட்டிலுக்கு அடியில தள்ளினே. சூடு சுரணை இருக்கா அக்கா உனக்கு?"

"நீ மட்டும் எதுக்குடா புது ஜெர்சி போட்டுக்கிட்டு நிக்கிறே?"

பிப்ரவரி 13

ஐயோ, அந்தப் பாட்டு.

அவன் எதிரணியாக இங்கே வந்து, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடுகிற ஃப்ரீ த்ரோவுக்கு நிற்கும்போதெல்லாம் அரங்கமே பாடுமே: "விசிறிக் காதா, கொஞ்சம் வீசு, வேர்க்குது எங்க ஊருக்கு!" அவனுடைய விசிறி மாதிரி விரிந்த காதை வைத்துக் கட்டியவள் நான். பறையில் எடுத்துக் கொடுப்பவளும் நான்தான். அவன் மறந்திருப்பானா? எப்படி மறப்பான்?

மார்ச் 9

பயிற்சி பார்க்க உள்ளே விட்டார்கள்.

அம்மாடி! அவன் பார்ப்பது ஒரு பக்கம், பந்து போவது இன்னொரு பக்கம். போய்ச் சேரும் இடத்தில் நம் பையன் ஒருவன் கை நீட்டிக்கொண்டு நிற்கிறான், தனக்கு அது வருமென்று அவனுக்கே தெரியாது. போன வருஷம் இடித்துக்கொண்டு திரிந்த அதே பையன்கள்தான். இன்று ஆறு ஓடுகிற மாதிரி ஓடினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து இவனுடைய காதை மட்டும்தானா பார்த்தேன்?

அனீபல் மீன் வடையைக் கடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான். 

மார்ச் 28

முதல் ஆட்டம். ஜெயித்தோம்!!

ஒன்றுதான் உறுத்துகிறது. எல்லா ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டான். நம் ஆள் கோட்டில் நின்றால் நாம் மூச்சுக்கூட விடமாட்டோம், குழந்தை வாயையும் பொத்துவோம். அவ்வளவு அமைதியிலும் தவறியது.

ஏப்ரல் 4

தோல்வி. மறுபடி அவனுடைய ஃப்ரீ த்ரோதான். வெளியூரில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறான், இங்கேதான் விழமாட்டேன் என்கிறது.

"உன் பாட்டு சாபமாப் பிடிச்சிருச்சு நில்சா," என்றாள் எதிர்க்கடை இவெலிஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரல. நானா கெடுத்தேன்? இப்பதானே கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு... அதுக்குள்ள என்னாலயே போயிடுமா?

ஏப்ரல் 11

தூங்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எதிரில் பால்மார். இரண்டு பக்கமும் சமம், கடைசி நொடிகள். யாத்ரியேலுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அரங்கமே மூச்சைப் பிடித்தது. முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது.

இரண்டாவதுக்கு அவன் பந்தைத் தட்டினான். பால்மார் ஆட்டம், கோட்டில் யாத்ரியேல், மடியில் பறை. சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை. என் கை தன்பாட்டுக்குப் பழைய அடியை அடித்துவிட்டது.

"அக்கா! என்ன பண்றே? நிறுத்து!"

எங்கே நிறுத்துவது? பழக்கதோஷம், மொத்தக் கூட்டமும் எடுத்துவிட்டது: "விசிறிக் காதா, கொஞ்சம் வீசு!" செத்தேன் என்று நினைத்தேன். அவன் திரும்பினான். நேராக என்னைப் பார்த்தான். சிரித்தான். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது. ஜெயித்தோம். அவன் இரண்டு காதையும் பிடித்து எங்களைப் பார்த்து வீசிக்காட்டினான்!

பிறகு படியேறி என்னிடமே வந்தான்.

"ஏன்க்கா இத்தனை நாளா பாடல? பால்மார்ல இருந்து வந்தவன்னு என்மேல இன்னும் கோவம்போலன்னு நினைச்சேன்."

"கோவமா? மரியாதைப்பா அது!"

"மரியாதையெல்லாம் வேணாம்க்கா. இங்க சத்தத்துல போட்டே பழகிட்டேன். நீங்க கம்முனு இருந்தா எனக்குக் கை உதறுது."

இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் பாடுகிறேன் என்று கையடித்துக் கொடுத்தேன். அனீபலோ அவனைக் கட்டிப்பிடித்து அழுதான், கழுதை.

மே 2

அவன் கோட்டில் நின்றாலே நாம் பாடுவதைக் கேட்டு வெளியூர் ஆட்கள் முழிக்கிறார்கள். சொந்த ஆளையே கிண்டல் செய்கிற ஊர் எங்கேயாவது உண்டா என்று கேட்டார் ஒருவர். இங்கே உண்டு.

பறைத் தோல் கிழிந்துவிட்டது. புதுத் தோல் போடக் கொடுத்திருக்கிறேன், கெட்டியானதாக. இறுதி ஆட்டம் வரை தாங்க வேண்டும்.