வெள்ளிக்கிழமை வரை ஊறட்டும்

ஷார்ஜா
14.11.1986

அன்புள்ள வீரம்மாளுக்கு சோலைமுத்து எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் சுசீலாவும் சுகம் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு இங்கே சோறு இறங்குகிறது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். லீவு கிடைத்துவிட்டது. டிசம்பர் நாலாம் தேதி, வியாழக்கிழமை பிளைட். எங்கள் கராஜ் முதலாளி அர்பாப் தன் வாயாலேயே சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் ஊருக்கு விடுவார். இந்த முறை நான். எனக்கு அடுத்தது நம் பக்கத்து ஊர் அழகுமலை.

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று மதுரை டாக்டரம்மா ஆகஸ்டிலேயே சொல்லியும், நான் வந்த பிறகுதான் என்று நீ தள்ளிக்கொண்டே போகிறாய். இதோ வருகிறேன். காகிதத்தில் நானே கையெழுத்துப் போடுகிறேன். நீ கண் விழிக்கும்போது கட்டில் பக்கத்தில் நிற்பேன். அதுவரை பாரம் தூக்காதே.

இங்கே ஒரு வேடிக்கை. போன வெள்ளிக்கிழமை அர்பாப் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவரிடம் ஒரு வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது. பாரல் தேய்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து புது பாரல் வரவழைத்திருக்கிறார். பழையதைக் கழற்ற வேண்டும். பாரலைத் துப்பாக்கியின் உடம்போடு பிடித்து நிறுத்துவது வளையம் மாதிரி ஒரு நட்டு. கடல் காற்றில் துருவேறி அது அசைய மாட்டேன் என்கிறது. அர்பாபின் தம்பி ராஷித் முரட்டு ஆள். குறடு போட்டு அதன் விளிம்பைக் கொஞ்சம் கடித்தும் வைத்திருக்கிறார். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் நான் ஆயுதப் பட்டறையில் இருந்தது அர்பாபுக்கு நினைவு வந்திருக்கிறது.

பார்த்தவுடன் சொல்லிவிட்டேன், எடுக்கலாம், ஆனால் அவசரப்படக் கூடாது என்று. கார் ஷெட்டில் ஒரு வைஸ் இருக்கிறது. இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் பாரலை இறுக்கி, நட்டு முழுக்க எண்ணெய் விட்டேன். நட்டின் விளிம்பில் உள்ள காடி வெட்டுகளுக்குப் பொருந்துகிற மாதிரி, லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையில் நானே ஒரு ஸ்பேனர் அறுத்து ராவிக்கொண்டிருக்கிறேன். அதற்கு இரண்டு வாரமாவது வேண்டும். அழகுமலை தினமும் காலையில் அர்பாப் வீட்டுக்குக் கார் கழுவப் போகிறான். நாலு சொட்டு எண்ணெய் விடு, வேறு எதையும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை போய்க் கழற்றுவேன். இந்த ஷார்ஜாவில் இதைச் செய்ய வேறு கை கிடையாது என்று அர்பாப் சொன்னார். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப் போகிறேன்.

சுசீலாவுக்கு முத்தம்.

உன்
சோலைமுத்து


ஷார்ஜா
28.11.1986

வீரம்மாளுக்கு,

இதைத் தபாலில் போட்டால் உரிய நேரத்தில் வராது. ரோலாவில் துணிக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் முகம்மது சித்தீக் நாளைக்கு மெட்ராஸ் போகிறார். அங்கே இறங்கியதும் தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்றார். உட்கார்ந்து படி.

நான் நாலாம் தேதி வரவில்லை.

புதன்கிழமை காலை ராஷித் ஷெட்டுக்கு வந்திருக்கிறார். மறுநாள் நண்பர்களோடு வேட்டைக்குக் கிளம்ப வேண்டுமாம். அழகுமலையிடம் கழற்று என்றிருக்கிறார். “அண்ணன் வெள்ளிக்கிழமை வருவாரு சார்” என்று இவன் சொல்லியிருக்கிறான். “யல்லா, ஜல்தி” என்று ராஷித் அவசரப்படுத்திக் கத்தியிருக்கிறார். கேஸ் நெருப்பைப் பிடித்துச் சூடு காட்டி, பைப் ரெஞ்சைப் பூட்டி, அதன் பிடியில் நாலடிக் குழாயைச் செருகி, இரண்டு பேருமாகத் தொங்கியிருக்கிறார்கள். அசையவில்லை என்றதும் ராஷித் சுத்தியலால் அடித்திருக்கிறார். நட்டு வரவில்லை. நட்டு திருகுகிற மரை இருக்கும் இடத்தில் துப்பாக்கியின் உடம்பே கீறிவிட்டது. இனி அதில் எந்த பாரலும் நிற்காது.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை முழுக்க அழகுமலை என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைவலி என்றான். நான் மாத்திரை கொடுத்தேன்.

இன்று காலை ஸ்பேனரைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். ஷெட்டில் நாற்காலி போட்டு அர்பாப் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராஷித். மேஜையில் துப்பாக்கி கிடந்தது. யார் செய்தது என்று அர்பாப் கேட்டார். ராஷித் அழகுமலையைப் பார்த்தார். அழகுமலை தரையைப் பார்த்துக்கொண்டு, “சோலை பாய்தான் சூடு வைக்கச் சொன்னார்” என்று இந்தியில் சொன்னான்.

எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லவில்லை, எண்ணெய் மட்டும் விடச் சொன்னேன் என்றேன். ஸ்பேனரை எடுத்து நட்டில் வைத்துக் காட்டினேன். பல்லுக்குப் பல் அப்படியே உட்கார்ந்தது. நட்டைச் சுற்றி பைப் ரெஞ்சு கடித்த தடம் பளபளவென்று தெரிந்தது. இவ்வளவு பாடுபட்டு ஸ்பேனர் செய்தவன் எதற்கு ரெஞ்சைப் போடச் சொல்வான் என்று கேட்டேன். அர்பாப் ஸ்பேனரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, வீரம்மா. என் கண்ணால் பார்த்தேன், அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்பேனரை மேஜையில் வைத்துவிட்டு “கலாஸ்”, பேச்சு முடிந்தது என்றார். வேலைக்காரர்கள் முன்னால் தம்பியைக் குற்றவாளியாக்க அவருக்கு மனமில்லை. நான்தான் கிடைத்தேன்.

லீவு மாஃபி, கிடையாது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பாஸ்போர்ட் அவர் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. உன் ஆபரேஷனைச் சொல்லிக் கும்பிட்டேன். பதினைந்து வருஷம் பட்டாளத்தில் நெஞ்சை நிமிர்த்தி சல்யூட் அடித்தவன் இன்று குனிந்து கும்பிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நாலாம் தேதி அழகுமலை வருகிறான். என் இடத்தில்.

ரூமுக்கு வந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொல்லி அழுதான். “ராஷித் சார் பக்கத்துலயே நிக்கிறாருண்ணே, நா என்ன செய்ய? எம்புள்ளை மூஞ்சிய நா இன்னும் பாக்கலண்ணே” என்றான். அவன் இங்கே வந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு இப்போது இரண்டரை வயது. அவன் சொல்வதில் உள்ள நியாயம் என் புத்திக்குத் தெரிகிறது. நெஞ்சுக்குத்தான் தெரியவில்லை. உனக்கு வாங்கிய ஸ்வெட்டரும் பிளாஸ்கும் சுசீலாவின் செருப்பும் அவனிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். வேறு ஆளில்லை. நானே கட்டி, நானே பெயர் எழுதிக் கொடுத்தேன்.

வந்தால் சண்டை போடாதே. ஒரு வாய் தண்ணீர் கொடு.

இனி எனக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. உன் அண்ணன் சேதுபதியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போ. கையெழுத்தை அவர் போடட்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

சோலைமுத்து


கீழப்பனைக்குளம்
11.12.1986

அன்புள்ள மச்சானுக்கு வீரம்மாள் எழுதுவது. சித்தீக் பாய் போட்ட கடிதம் மூன்றாம் தேதியே கிடைத்தது. ஏழாம் தேதி அழகுமலை அண்ணன் பெட்டியோடு வந்தார்.

அவர் வருவதற்கு முன்பே ஊரில் பேச்சு வந்துவிட்டது. நீங்கள் அரபிக்காரர் துப்பாக்கியை உடைத்துவிட்டதாகவும், அதனால் பிடித்து வைத்திருப்பதாகவும் சொல்கிறார்கள். உங்களை ஜெயிலில் போட்டுவிட்டதாக ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் என் காதுபடவே சொன்னாள். யார் கிளப்பியது என்று நான் விசாரிக்கவில்லை.

நீங்கள் சொன்னபடி தண்ணீர் கொடுத்தேன். காப்பியும் கொடுத்தேன். “அண்ணன் நல்லாத்தான் இருக்காரு, அவசரப்பட்டு ஒரு தப்பு நடந்து போச்சு” என்று ஆரம்பித்தார். உங்கள் கடிதம் முன்பே எனக்கு வந்துவிட்டது அவருக்குத் தெரியாது. “நாலு சொட்டு எண்ணெய் விடச் சொன்னாராமே, விட்டீகளா?” என்று மட்டும் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். செருப்பைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் அவர் பெண்சாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை அவர் சாயல்தான்.

மச்சான், உண்மையைச் சொன்னால் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. உங்கள் மேல்தான் வருகிறது. லீவைக் கையில் வைத்துக்கொண்டு, பிளைட்டுக்கு மூன்று வாரம் இருக்கையில், அந்த வீட்டுத் துப்பாக்கியை எதற்குத் தொட்டீர்கள்? தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் இங்கே இருப்பீர்கள். வேறு கை கிடையாது என்று யாரோ சொன்னது உங்களுக்கு இனித்தது. உங்கள் முதல் கடிதத்தைச் சுசீலாவுக்கு வாசித்துக் காட்டியபோது எனக்கும் இனிக்கத்தான் செய்தது. அதனால் பாதிக் கோபம் என் மேலும்தான்.

சேதுபதி அண்ணன் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். இவ்வளவு நாள் ஏன் விட்டீர்கள் என்று அவரைத் திட்டினார்களாம். ரத்தம் குறைவாக இருக்கிறது, முதலில் இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை சேர்க்கிறார்கள். பதினேழாம் தேதி புதன்கிழமை ஆபரேஷன். அண்ணன் கையெழுத்துப் போடுவார். அதற்குக் கீழே நானும் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் உடம்புதானே. சுசீலா அண்ணி வீட்டில் இருப்பாள். நீங்கள் வாங்கிய செருப்பு அவளுக்குச் சிறியது. மூன்று வருஷத்தில் கால் வளர்ந்துவிட்டது. சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று சொல்ல வேண்டாம் என்றாள். நான் சொல்லிவிட்டேன்.

அங்கே யாரோடும் மல்லுக்கு நிற்காதீர்கள். அழகுமலை அண்ணன் திரும்பி வந்தால் ஒரே ரூமில்தானே படுக்க வேண்டும். பேசாமல் இருக்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்கும்போது பதினேழாம் தேதி முடிந்திருக்கும். அடுத்து ஒரு கடிதம் வரும். மேலே விலாசம் என் கையெழுத்தில் இருந்தால் பயப்படாமல் பிரியுங்கள். அண்ணன் கையெழுத்தில் இருந்தால் தனியாகப் பிரிக்க வேண்டாம். அழகுமலை அண்ணன் திரும்பியிருந்தால் அவரானாலும் பரவாயில்லை, யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மச்சான்.

உங்கள்
வீரம்மாள்