அண்ணன் செத்துப்போன வியாழக்கிழமை

1911 செப்டம்பர் 17, ஞாயிறு

இன்று கோயிலில் செக் மொழிப் பிரசங்கம். இடது பக்க பெஞ்சுகளில் எங்கள் ஜெர்மன் ஆட்கள் பாதிப் பேர் தூங்கினார்கள். போன வாரம் ஜெர்மன் பிரசங்கத்துக்கு வலது பக்கம் செக் ஆட்கள் தூங்கினார்கள். கணக்கு சரி.

வெளியே வந்ததும் செக் ஆட்களில் போஹுமில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நேராக எர்ன்ஸ்ட் அண்ணனிடமே போய் நின்றுவிட்டார். அவர் ரயில்பாதை கேங்குக்கு மேஸ்திரி. முப்பது ஆளை அதட்டி வேலை வாங்குகிறவர். அவருக்கு அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. "உங்க தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுங்க" என்று தப்பும் தவறுமான ஜெர்மனில் கேட்டார்.

அண்ணன் வானத்தைப் பார்த்தான். "இப்போ பருத்தி எடுக்கற சமயம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான்.

இது என்ன பதில்?

செப்டம்பர் 18

காபி கொடுத்தேன். குடித்தான். பேச்சில்லை.

செப்டம்பர் 20

பேசினான். பேசாமலே இருந்திருக்கலாம்.

"கட்டிக்கோ. உனக்கு முப்பத்தொம்பது வயசு, நான் யாரு தடுக்க? அந்தத் தண்டவாளக்காரனோட நல்லா இரு. ஆனா ஊரைக் கூப்பிட நான் போகமாட்டேன்."

அவன் போகாவிட்டால் வேறு யார் போவது? தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆட்களில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், கோலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாட்டுச் சொல்லி அழைப்பது எர்ன்ஸ்ட் லூடெக்கெதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரிப்பனைக் கோலில் கட்டி, ஒரு கிளாஸ் சாராயம் ஊற்றி அனுப்புவார்கள். அப்படி அழைக்காத கல்யாணத்துக்கு எங்கள் ஆட்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சொந்தத் தம்பி கல்யாணமாக இருந்தாலும் சரிதான்.

இடது பக்கம் அத்தனை பெஞ்சும் காலியாகக் கிடக்க நான் நடந்து போக வேண்டுமா? என்ன மனுஷன் இவன்? அம்மா போனதிலேர்ந்து ஆக்கிப் போட்டது யாரு? சட்டை தச்சுப் போட்டது யாரு? கேக்க ஆள் இல்லேன்னுதானே இந்த ஆட்டம் ஆடறான்.

கோபத்தில் மாவைப் பிசைந்து பிசைந்து ரொட்டி கல்லாகிவிட்டது. அதையும் ஒன்றும் சொல்லாமல் தின்றான். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

செப்டம்பர் 28

போஹுமிலை ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டி அருகே பார்த்தேன். எங்களுக்குள் பாதி ஆங்கிலம், பாதி கையசைவு. நான் அழுதது மட்டும் எந்த மொழியும் இல்லாமல் புரிந்தது.

"விடுங்க அல்வினா. உங்க ஆளுங்களையும் எங்க வழக்கப்படி கூப்பிட்டுடலாம். எங்க சிரில் போவான், மாப்பிள்ளைத் தோழன் அவன்தானே" என்றார்.

சிரில் அவர்கள் சொந்த நாட்டிலிருந்து கப்பலேறி இங்கே வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஜெர்மனும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உங்கள் வழக்கம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 5, வியாழன்

இன்று சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு அண்ணன் உள்ளே படுத்திருந்தான். பக்கத்து வீட்டு ஹெட்விக் அக்கா கறுப்பு உடுப்பில், கையில் கேக்கோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "செவ்வாக்கிழமைகூடப் பஞ்சு மில்லுல பாத்தேனேடி!" எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே பேக்கரிக்காரர், அவர் மனைவி, தபால்காரர். எல்லார் சட்டையிலும் ஒரு ரோஸ்மேரி இலைக் கொத்து.

எங்கள் வழக்கத்தில் ரோஸ்மேரி சாவுக்கு. சவப்பெட்டி தூக்குகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்வது. செக் வழக்கத்தில் அது கல்யாண அழைப்பாம்! சிரில் ஒவ்வொரு வாசலிலும் தொப்பியைக் கழற்றி, தலையைத் தாழ்த்தி, கொத்தைக் குத்திவிட்டிருக்கிறான். பெண் வீடு எது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே வார்த்தை: "எர்ன்ஸ்ட் லூடெக்கெ." அதைத்தான் எல்லா வாசலிலும் சொல்லியிருக்கிறான்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஹெட்விக் அக்கா ஒப்பாரியில் இறங்கிவிட்டாள். "கோபக்காரர்தான், ஆனா இனிமே யாரு நம்மள ஒரு நல்லதுக்குக் கூப்பிடுவா? பாவி மனுஷன், ஒத்தத் தங்கச்சி கல்யாணத்தப் பாக்காமலே போயிட்டாரே!"

கதவு திறந்தது. காலுறையோடு அண்ணன். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தானோ.

"யாரு செத்தது?"

அளவு நாடாவோடு வந்திருந்த தச்சர் புருனோதான் மெதுவாகச் சொன்னார்: "நீதாம்ப்பா."

அண்ணன் அவர் கையிலிருந்த நாடாவைப் பார்த்தான். "உயரத்த மட்டும் குறிச்சு வச்சுக்கோ. அகலம் இனிமே மாறும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கேக்கை வெட்டினான். எல்லாரும் சிரித்துத் தீர்த்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 6

மீதிக் கேக்கையும் தின்று முடித்தான். சாயங்காலம் போஹுமில் மன்னிப்புக் கேட்க வந்தார். அண்ணன் அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

அக்டோபர் 8, ஞாயிறு

கோயில் முடிந்ததும் அண்ணனைக் காணோம். மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் முன்கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் இவன். சொந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான்! கையில் கோல், கோல் தெரியாத அளவுக்கு ரிப்பன். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு விடாமல் குடித்த சாராயம் முகத்தில் தெரிந்தது. தொப்பியைக் கழற்றினான். முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நிற்பவன் போல ஆரம்பித்தான்.

"இந்த வீட்டாருக்கு வணக்கம்! மாப்பிள்ளை போஹுமில் க்ரெனெக், பொண்ணு அல்வினா லூடெக்கெ, வர்ற இருவத்திநாலாம் தேதி கல்யாணம். பீர் இருக்கு, பன்னி வறுவல் இருக்கு, விடிய விடிய ஆட்டம் இருக்கு. கத்தியும் முள்கரண்டியும் நீங்களே கொண்டுவந்துடுங்க!"

அவர் பெயரை அண்ணன் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. ஒரு எழுத்து பிசகவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருப்பான்.

"கல்யாணப் பொண்ணையே கூப்பிடறியேண்ணா" என்றேன்.

"ஒரு வீட்டையும் விடக்கூடாது. வருவியா, மாட்டியா? சீக்கிரம் சொல்லு, காலு வலிக்குது."

ரிப்பன் தேட எங்கே நேரம்? ஏப்ரன் நாடாவைக் கிழித்துக் கோலில் கட்டினேன். "வர்றேண்ணா" என்றேன். அவன் கண் கலங்கியிருந்தது. சாராயம் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

உள்ளே வராமல் படியிறங்கினான்.

"எங்கண்ணா போறே? சாப்பாடு வச்சிருக்கேன்."

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்."

"அவங்களைத்தான் சிரில் கூப்பிட்டாச்சே."

"அது அவங்க வழக்கம். கல்யாணம் என் தங்கச்சிக்கு."

கூட்ஸ் வண்டி ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. கோலை ஊன்றிக்கொண்டு அது போகும்வரை நின்றான். பிறகு தாண்டிப் போனான்.

இதை எழுதும்போது விளக்கேற்றியாகிவிட்டது. இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் யார் வீட்டிலோ அக்கார்டியன் வாசிக்கிறார்கள்.