கண்ணாடியின் தேய்த்த முகம்

4-2-1969
ஹைஸ்கூல் குரூப் போட்டோ இந்த வருஷம் எனக்கு இல்லை. ஒன்பது வருஷமாக நான்தான் எடுத்தேன். ஹெட்மாஸ்டர் அந்த வேலையை மாதையனிடம் கொடுத்துவிட்டார். அவன் ஸ்டுடியோ போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை! காரிமங்கலத்துக்கு இரண்டு ஸ்டுடியோ எதற்கு?

6-2-1969
நல்ல சேதி. பெங்களூரில் அவன் மலிவாக வாங்கி வந்த பெரிய கேமராவுக்குப் பின்கண்ணாடியே இல்லையாம். ஃபோகஸ் பார்க்கிற அந்த மங்கல் கண்ணாடி இல்லாமல் என்ன செய்வான்? வீட்டில் மனைவி ஷகிலாவிடம் சொன்னேன். "அதுக்கு நீங்க ஏன் சிரிக்கறீங்க?" என்றாள்.

11-2-1969
அவனே செய்துவிட்டான். லாரி ஒர்க்ஷாப்பில் வால்வு தேய்க்கிற பசையை வாங்கி, ஜன்னல் கண்ணாடியில் தடவி, மேலே இன்னொரு துண்டை வைத்து மூன்று நாள் வட்டம் வட்டமாகத் தேய்த்தானாம். "பாய், எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேமராவோடு வந்து நின்றான். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. இருபது வருஷத் தொழிலில் எனக்கு இது தோன்றவே இல்லையே! வயிறு எரிந்தது. "பரவால்ல" என்றேன்.

என் மேஜைமேல் வைத்தே மாட்டினான். தேய்த்த முகம் வெளியே! அது உள்ளே லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும்; திருப்பி மாட்டினால் ஃபோகஸ் தவறிவிடும்.

நான் வாயைத் திறக்கவில்லை.

12-2-1969
சொல்லியிருக்கலாம். ஏன் சொல்ல வேண்டும்? என் வேலையைப் பிடுங்கினவன்தானே?

18-2-1969
மாதையன் எடுத்த படம் வந்துவிட்டது. பின்னால் நின்ற புங்கமரம் இலை இலையாகத் தெரிகிறது. பிள்ளைகள் முகம் மங்கல். என்னையே மறுபடி எடுக்கச் சொல்லி ஹெட்மாஸ்டர் ஆள் அனுப்பினார். ஷகிலாவைப் பிரியாணி ஆக்கச் சொன்னேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

20-2-1969
மத்தியான வெயிலில் மாதையன் வந்தான். தப்பைக் கண்டுபிடித்துவிட்டான். "நான் ஏமாந்துட்டேன் பாய். நீங்க உங்க கண்ணாடியக் கழட்டினா பாத்து மாட்டுங்க. தேச்ச பக்கம் உள்ள இருக்கோணும்."

அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான். எனக்கு!

"தெரியும். அன்னிக்கே பாத்தேன்" — எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"ஏன் பாய்?" என்றான். நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

21-2-1969
ஹெட்மாஸ்டரிடம் போனேன். கண்ணாடியைத் திருப்பி மாட்டினதுதான் கோளாறு, அவனுக்கே இன்னொரு தடவை கொடுங்கள் என்றேன். நான் பார்த்தும் சொல்லாததையும் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

1-3-1969
பள்ளிக்கூட வராந்தாவில் மாதையன் எடுத்த புதுப் படம் மாட்டியாகிவிட்டது. முன்வரிசைப் பிள்ளைகளின் சட்டைப் பித்தான்களை எண்ணலாம். பக்கத்தில் என்னுடைய ஒன்பது. ஒன்றுகூட இவ்வளவு தெளிவு இல்லை. எரிகிறது, இன்னும் எரிகிறது.

நேரே அவன் ஸ்டுடியோவுக்குப் போனேன். "எனக்கும் ஒரு கண்ணாடி தேய்க்கச் சொல்லிக் குடு" என்றேன்.

வெகுநேரம் கேமராவையே துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "நாளைக்கு வாங்க" என்றான்.

பாய் என்று சொல்லவில்லை.