பயந்தாங்கொள்ளி ஆட்டம்

என்னங்க,

முதுகுவலி தேவலையா? வேளைக்குச் சாப்பிடுறீங்களா? நான் அமோகமா இருக்கேன். இங்க புனே பக்கத்துல, எங்க பிம்ப்ரி ஆலை டென்னிஸ் போட்டியில ஒற்றையர் கோப்பை எனக்குத்தான்!

எதிர்ல ஆடின சோனியாவுக்கு என் வயசுல பாதி. என்னை மூலைக்கு மூலை ஓடவிட்டா. நீங்க ‘பயந்தாங்கொள்ளி ஆட்டம்’னு திட்டுவீங்களே, அதையேதான் ஆடினேன். எட்டிப் பிடிச்ச பந்தையெல்லாம் அவ தலைக்கு மேல, கடைசிக் கோடு வரைக்கும் தூக்கிப் போட்டேன். பந்து இறங்குறதுக்குள்ள நடுவுக்கு வந்து நின்னுடுவேன். அவளுக்குப் பொறுமை போய், ஓங்கி ஓங்கி வலையிலேயே அடிச்சா.

முட்டி லேசா வீங்கியிருக்கு, பதறாதீங்க. தீபாவளிக்கு வரும்போது உங்க முதுகுத் தைலமும் டென்னிஸ் மட்டையும் கொண்டுவாங்க. ஞாயித்துக்கிழமையில சுவரோடதான் ஆடுறேன். அது பந்தைத் திருப்பி அடிக்குது, ஆனா திட்டத் தெரியல.

கம்பெனி பஸ் வந்துடுச்சு.

பவுன்