பணிமனையில் மட்டும் ஒளிரும் திரை

எல்லாம் வல்லவன் திருவடியே துணை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அவன் அருளால் நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் குறைவின்றி இருக்க நாள்தோறும் வேண்டுகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, மூன்று வாரமாக என் வயிறு எரிகிறது. காரணம் நம் காரில் பாட்டு ஓடும் திரை. பக்கவாதத்தில் பேச்சிழந்த அம்மாவுக்காக நீ துதிப்பாடல்களைப் பாடிப் பென்டிரைவில் அனுப்பினாயல்லவா, பேச்சுப் பயிற்சிக்குப் போகும் வழியில் அதை ஓடவிட்டால், உன்னோடு சேர்ந்து அடியடியாகச் சொல்கிறாள். வீட்டில் அதே பாட்டைப் போட்டால் சுவரைப் பார்க்கிறாள். பயிற்சி தரும் பெண்மணியும், "இத விட்டுடாதீங்க ஐயா, இப்பதான் சொல்லு ஒட்டிக்கிட்டு வருது" என்றார். அப்படிப்பட்ட திரை நடுவழியில் திடீரென்று இருண்டுவிடுகிறது. உன் குரல் அறுந்ததும் அம்மாவின் வாயும் மூடிக்கொள்ளும். சற்று நேரத்தில் தானே விழிக்கும், அடுத்த மேட்டில் மீண்டும் கண்மூடும்.

நான்கு முறை பணிமனைக்குக் கொண்டுபோனேன். அங்கே போனால் மட்டும் சமர்த்துப் பிள்ளைபோல் ஒளிவிடுகிறது! எலக்ட்ரீஷியன் ஃபியூஸைக் கழற்றினான், பேட்டரியை அளந்தான், தெருவை இரண்டு சுற்று வந்தான். "ஸ்கிரீன் ஜம்முனு இருக்கு பெரியவரே, வண்டிக்கு உங்களத்தான் பிடிக்கல போல" என்று சிரித்தான். நான்காம் முறை, திரையையே மாற்றிவிடலாம் என்றான். நோய் இன்னதென்று அறியாதவன் தலையை மாற்றச் சொல்வது என்ன வைத்தியம்? அதைவிடக் கொதிப்பு உன் அண்ணன் பேச்சு. "நீங்களே எதையாவது அமுக்கிட்டு மறந்துடுறீங்கப்பா, சாவிய என்கிட்ட குடுத்துடுங்க" என்கிறான். இருநூறு செய்யுளைப் பிறழாமல் ஓதுபவனுக்கு மறதியாம்! நானும் விடவில்லை. எப்போதெல்லாம் அணைகிறது என்று ஒரு தாளில் குறித்தேன். வெயில், மழை, முகப்பு விளக்கு, எதனோடும் பொருந்தவில்லை. அம்மா வரும் நாளில் மட்டும் அணைகிறது என்றே தாள் சொல்லியது. அதை அண்ணனுக்குக் காட்டவில்லை, காட்டினால் அவளை வண்டியில் ஏற்றாதீர்கள் என்பான்.

முந்தாநாள் வேகத்தடை ஒன்றைத் தாண்டியதும் திரை இருண்டது. வண்டியை ஓரங்கட்டி, பணிமனையையும் உன் அண்ணனையும் ஒருசேர வைதுகொண்டிருந்தேன். அம்மா தன் எதிரிலிருந்த டேஷ்போர்டு பெட்டியைத் தட்டி, "புத்தகம்" என்றாள். ஓதச் சொல்கிறாள் என்றெண்ணி, "இப்ப ஓதுற நேரமா இது?" என்று அவளிடமும் சீறினேன். என்னை முறைத்து, "எடுங்க" என்றாள். எடுத்தேன். திரை விழித்தது. அம்மாவோடு புறப்படும் நாளில், பயிற்சி அறை வாசலில் காத்திருக்கும்போது ஓதுவதற்காக அந்தத் தடித்த மறைநூலைப் பெட்டியில் வைத்துக்கொள்வேன். மேடுதோறும் அது பின்பக்கம் மோதுவதும் திரை இருள்வதும் ஒருங்கே நிகழ்வதை எதிரில் அமர்ந்தவள் எத்தனை நாள் கவனித்தாளோ! எண்ணெய்க் கை படலாகாதென்று, பணிமனைக்குப் புறப்படும் போதெல்லாம் நூலை எடுத்து வீட்டில் வைத்துவிட்டே போயிருக்கிறேன். நோயை வீட்டில் விட்டுவிட்டு வண்டியை மட்டும் வைத்தியனிடம் காட்டிய மேதாவி நான். நேற்று நூலோடு போய்க் காட்டினேன். பெட்டிக்குப் பின்னால் திரைக்கு மின்சாரம் தரும் கம்பியின் இணைப்பு தளர்ந்திருந்தது. பத்தே நிமிடத்தில் இறுக்கிவிட்டு, "இத மொதல்லயே சொல்லக் கூடாதா பெரியவரே?" என்று என்னையே கேட்கிறான். நான்கு முறையில் ஒருமுறையாவது அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்க்க அவனுக்கு என்ன கேடு? சாவி என்னிடமேதான் இருக்கும் என்று அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன்.

மகளே, ஆத்திரத்தில் ஒன்றைக் கவனியாது விட்டேன், இன்று காலை வழிபாட்டில் அமர்ந்தபோதுதான் உறைத்தது. அம்மா வாய் திறந்தபோது திரை இருண்டிருந்தது. உன் குரல் இல்லை. பக்கவாதம் வந்த இந்தப் பத்து மாதத்தில் முதன்முதலாக அவளாகவே சொன்ன சொற்கள் அவை. அதற்குத்தான் நான் சீறியிருக்கிறேன். ஆகையால் அடுத்த முறை பாட்டோடு நிறுத்தாதே. அம்மாவிடம் ஏதாவது கேட்டு, பதில் சொல்லச் சற்று இடைவெளி விட்டு அனுப்பு. மறவாதே.

உன் இல்லத்தில் சொல்லும் ஒளியும் ஒருநாளும் அறாதிருக்க இறைவன் காப்பானாக.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா